எந்தக் கதவைத் தட்டுவது? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. என் தம்பி கொத்தனார். இருபத்தாறு வயதில் அவன் காதில் ஆளில்லாத பேச்சுக் கேட்கத் தொடங்கியது. அதை அடக்கத்தான் குடிக்கிறேன் என்பான் அவன். குடித்ததால்தான் அது வந்தது என்பாள் அம்மா. எது முதலில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வைத்தியம் தொடங்க அது தெரிந்தாக வேண்டுமா என்பதே என் கேள்வி.

மனநலப் பிரிவில் காட்டினோம். "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். போதை மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். "குரல் கேக்குதுங்கிறாரே, மென்டல் கேஸை நாங்க சேர்க்கிறதில்லைம்மா" என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாதம் பஸ்ஸிலேயே போய்விட்டது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆக, கதவை இரண்டாக்கியது சட்டமல்ல, துறைகள். மனநலம் உங்களிடம் இருக்கிறது. ஒன்றிய அரசு நிதியில் நடக்கும் மறுவாழ்வு மையங்கள் சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. மதுவுக்கு எதிரான விழிப்புணர்வுப் பேரணி மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் பொறுப்பு. டாஸ்மாக்கும் அதே துறையில்தான் இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அந்த ஒன்பது மாதத்தில் நாங்களும் சும்மா இருக்கவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டினோம். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டு ஒரு பொடி வாங்கினாள் அம்மா. நல்ல வேளை, குழம்பில் கலக்கும் முன் நான் பார்த்துவிட்டேன். அதில் என்ன இருந்ததோ. குடியை நிறுத்தத் தரும் சில மருந்துகளை வயிற்றில் வைத்துக்கொண்டு குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே சாய்ந்துவிடலாம் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். கடைசியில் அறைக்குள் போட்டுப் பூட்டினோம். மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரும், உயிரே போகலாம் என்று எங்களுக்குச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை.

பூட்டியவள் நான் என்பதால், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரின் வீட்டாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

வேறு வழி இருந்ததில்லையா என்றால், இருந்தது, அதுவும் எங்களுக்கு எட்டும் தூரத்திலேயே. சாந்தி ரங்கநாதன் அம்மையார் சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனைக்காரர்கள் 1989இல் மஞ்சக்குடிக்கே வந்து குடிநோயாளிகளுக்கு முகாம் போட்டார்கள். பதினைந்து நாள் அங்கேயே தங்கவைத்து வைத்தியம் செய்தார்கள். வீட்டாரையும் கூட உட்காரவைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் திரும்ப வந்து பார்த்தார்கள். அந்தத் திரும்ப வருவதுதான் எங்களுக்குக் கிடைக்காமல் போனது. தம்பிக்குக் கடைசியில் ஒரு இடத்தில் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் நடந்தது. நன்றாகித்தான் வந்தான். அதன்பிறகு மாத்திரை தீரும்போதெல்லாம் ஒரு நாள் கூலியை விட்டு டவுனுக்குப் போகவேண்டும். போகாத மாதம் குடி திரும்பிவிடும்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, குடிநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு வைத்தியமே எட்டவில்லை. இத்தனை பேருக்கும் டாக்டர் எங்கே போவது என்று கேட்பீர்கள். கோவாவில் டாக்டரல்லாத, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆட்களே குடிப்பவர்களோடு சில அமர்வுகள் பேசிப் பலன் கண்டிருக்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களின் வீடு தேடிப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் போவதை நம் மாநிலத்தின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனமும் சேர்ந்து சோதித்துப் பார்த்தது. டாக்டரை மட்டும் பார்த்தவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது என்று 2014இல் முடிவு வந்தது.

2021இல் நீங்கள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா வருகிறார். அம்மாவுக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அதே திண்ணையில்தான் தம்பியும் உட்கார்ந்திருப்பான். அவனிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. அவன் மாத்திரையும் அந்தப் பையில் வரட்டும். "தூக்கம் வருதா தம்பி, இந்த வாரம் எத்தனை நாள் குடிச்சே?" என்று கேட்க அவருக்குப் பயிற்சி கொடுங்கள். சும்மா இன்னொரு மூட்டையை அவர் தலையில் ஏற்றாதீர்கள், ஊதியத்தையும் கூட்டுங்கள். சொந்த ஊர்க்காரரிடம் வாய் திறக்க எல்லோருக்கும் கூச்சம், விஷயம் குழாயடிக்குப் போய்விடுமே என்ற பயம். ஆகவே இந்த வேலைக்கு மட்டும் பக்கத்து ஊர் ஆளைப் போட்டாலும் சரி.

இன்னொன்று. தம்பி குடிக்காமல் நாலு மாதம் ஆகிறது. போன வாரம் கேட்டான்: "அக்கா, ஆறு மணிக்கு வேலை முடிஞ்சதும் எங்க போய் உக்கார்றது?" பகல் பன்னிரண்டு முதல் ராத்திரி பத்து வரை திறந்திருக்கும் ஒரே இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் நூலகக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதைத் திறந்துவிட்டால் போதும். குடியை விட்ட நாலைந்து பேர் இருக்கிறார்கள், பெருக்கி விளக்குப் போட்டு அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நூலகம் எங்கள் துறை இல்லை என்று பதில் போடுவீர்கள். சரி, சாவி எந்தத் துறையில் இருக்கிறது என்றாவது அதே பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
குடவாசல் வட்டம்