செயலாளர் ஆண்டறிக்கை: பௌத்தப் போர்க்கலைப் பயிற்சிச் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும், தயவுசெய்து படியுங்கள்.

பொங்கல் விளையாட்டு விழாவில் கம்பு வரிசை காட்டினோம். வைகாசிப் பௌர்ணமியன்று அமர்ந்த தியானம் நடந்தது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுக்காரர்களுக்குத் தனி மாலை வகுப்பு நடத்தினோம். புருவ உயரத்துக்குப் புதுக் கம்புகள் வாங்கினோம். அவற்றைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். எண்ணெய் தடவிப் படுக்கையாக அடுக்குங்கள்.

விடியற்கால நிலைப் பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பெடுக்காமல், அடி வீசாமல், சும்மா நிற்பதற்கா ஐந்து மணிக்கு எழுந்து வருவது என்று பலர் கேட்டார்கள். உள்ளாற்றல் சேர்வதே அந்த நிற்றலில்தான். அடிமுறை அதைச் செலவழிக்கும் வழி.

பாதங்கள் தோள் அகலத்தில் இணையாக இருக்கட்டும். முழங்காலை இலேசாக மடக்குங்கள். அது கால் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. வால் எலும்பு நேர் கீழே. பெரிய பானையை அணைத்தாற்போலக் கைகள் மார்புக்கு நேரே, தோள் தூக்காமல். நாக்கு நுனி மேலண்ணத்தில். மூச்சு மூக்கால் மட்டும், கவனம் தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே. முதல் வாரம் மூன்று நிமிடம், பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும். தொடை நடுங்கினால் பயப்பட வேண்டாம். முழங்கால் குத்தினால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் முழங்கால் உள்பக்கம் சாய்ந்திருக்கும். தலை சுற்றுகிறவர்கள் மூச்சை அடக்கியிருப்பார்கள், அல்லது முழங்காலை விறைப்பாகப் பூட்டியிருப்பார்கள். இரத்தம் காலிலேயே தங்கிவிடும். முடித்ததும் சட்டென்று உட்காராமல் கொஞ்சம் நடங்கள்.

நாம் நிற்பது கடற்கரையில். உலர்ந்த மணலில் குதிகால் புதைந்து கணுக்கால் பிசகுகிறது. நீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில் இறுகிய ஈரமணலே நமக்கு இடம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். முகத்தில் வாங்கினால் மூச்சு குறுகி நெஞ்சுக்கு ஏறிவிடும். காற்று மிஞ்சிய நாட்களில் வலை பின்னும் கூடத்துக்கு மாறினோம். அங்கே எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின் என்ற சீன மூச்சுப் பயிற்சி செய்தோம். அதன் கடைசி அசைவில் குதிகாலை உயர்த்தி ஏழு முறை இறக்க வேண்டும். சிமெண்ட் தரையில் பெரியவர்கள் தொப்பென்று போடக் கூடாது, முதுகெலும்பு அதிரும்.

இந்த விடியற்காலப் பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள். தகுதி காட்டும் இடுப்புப் பட்டைக்கான தேர்வு என்றால் மட்டும் கரை நிறைந்துவிடுகிறது.

பட்டையோடு சான்றிதழ் விவகாரமும் வருகிறது. வகுப்புக்கே வராத பிள்ளைக்கு வருகைப் பதிவு போட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்று கேட்ட பெற்றோர்கள் உண்டு. நான் கையெழுத்திடவில்லை. அதற்காகச் சிலர் சங்கத்தை விட்டே போனார்கள். வகுப்புத் தொடக்கத்தில் பௌத்த ஒழுக்க உறுதிகளான ஐந்து சீலங்களைச் சொல்கிறோம். பொய் சொல்லாமை அதில் நான்காவது. அதைச் சொன்ன வாயோடு பொய்ச் சான்றில் கையெழுத்திட்டால் பயிற்சிக்கு என்ன அர்த்தம்?

இதே காரணத்தால்தான் விழாப் பதாகையில் இருந்த "போதிதர்மர் உருவாக்கிய கலை" என்ற வரியை எடுக்கச் சொன்னேன். நம் ஊர்ப் பெருமையைக் குறைத்ததாகச் சிலருக்கு வருத்தம். சீனத்துக்குப் போன பௌத்தத் துறவி போதிதர்மரைத் தென்னிந்தியர் என்று 7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி தாவோசுவான் எழுதியிருக்கிறார். அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் போர்க்கலை கற்பித்ததாகக் கதை சொல்லப்படும் சீன மடமான ஷாவோலினின் துறவிகள் 621இல் போரில் உதவியது 728ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே இருக்கிறது. சான்றுள்ள பெருமையே நமக்குப் போதும்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. வரவு சந்தாவும் நன்கொடையும். செலவு கம்பு, விளக்கு, கூடத்துப் பராமரிப்பு. கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. காரணம், பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி. கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் குடும்பங்களை நான் கேட்கவில்லை. அவர்களுக்குத் தள்ளுபடி தரத் தீர்மானமே இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களைத்தான் கேட்கிறேன். கொடுக்கப்படாததை எடுக்காமை இரண்டாவது சீலம். சந்தா கட்டாமல் வகுப்பை எடுத்துக்கொள்வதும் அதில் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

கூடம் தந்த மீனவர் சங்கத்தாருக்கும், தலைவர், பொருளாளர், பயிற்றுநர் அண்ணன் ஆகியோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் என்னையே பொறுப்பேற்கச் சொல்கிறீர்கள். விடியற்காலையில் பத்துப் பேர் தவறாமல் நிற்பதாகச் சொன்னால் ஏற்கிறேன். பெயர் எழுத ஒரு தாளும், பக்கத்தில் சந்தா நோட்டும் வாசல் மேசையில் இருக்கின்றன. டீ குடிக்கப் போகும்முன் பார்த்துவிட்டுப் போங்கள்.