‘பர்ஜ்’ என்றால் சுத்தமா? அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த பதிப்பில் ‘பர்ஜ்’ (purge) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கான பதிவை நீங்கள் புதிதாக எழுத வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். தூய்மைப்படுத்து, சுத்திகரி, பேதியாக்கு என்று பெரும்பாலும் மூன்றே பொருளோடு பதிவு முடிந்துவிடுகிறது. மூன்றுமே தப்பில்லை. ஆனால் தொழிற்சாலைக் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு இது போதாது. ஓரிடத்தில் ஆளையே கொன்றுவிடும்.

மிகைப்படுத்தவில்லை. எரிவாயு இருந்த ஒரு கலனில் வெல்டிங் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நைட்ரஜனை உள்ளே செலுத்தி எரிவாயுவை வெளியே தள்ளுவார்கள். அந்த வேலைக்குப் பெயர்தான் பர்ஜ். ‘நைட்ரஜனால் பர்ஜ் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டையும் தொங்கும். அகராதியை நம்பி அதை ‘நைட்ரஜனால் சுத்திகரிக்கப்பட்டது’ என்று எழுதினால், படிப்பவர் என்ன நினைப்பார்? உள்ளே சுத்தமாக இருக்கிறது, இறங்கலாம் என்றுதானே? சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம். 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று கணக்கு. நைட்ரஜன் நிரம்பிய கலனில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நைட்ரஜனுக்கு நிறமோ வாடையோ கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழலாம். தூக்கிவிடப் பின்னாலேயே இறங்குகிறவருக்கும் அதே கதிதான். அதனால் ‘எரிவாயு வெளியேற்றப்பட்டு நைட்ரஜன் நிரப்பப்பட்டுள்ளது’ என்றுதான் நான் எழுதுகிறேன். வாக்கியம் நீளம்தான், இருக்கட்டும்.

இந்தச் சொல்லின் லத்தீன் மூலம் ‘பூர்காரே’. அதற்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தூய என்று பொருள்படும் ‘பூருஸ்’ ஒன்று, ஓட்டுதல் என்று பொருள்படும் ‘அகேரே’ இன்னொன்று. நம் அகராதிகள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன. விட்டதில்தான் சிக்கலே. ஆங்கிலத்தில் குழாயையும் பர்ஜ் செய்யலாம், குழாய்க்குள் இருக்கும் காற்றையும் பர்ஜ் செய்யலாம். தமிழில் குழாயைச் சுத்திகரிக்கலாம். காற்றைச் சுத்திகரித்தால் பொருளே தலைகீழாகிவிடும், வெளியே போக வேண்டிய காற்று உள்ளேயே தூய்மையாகி உட்கார்ந்திருக்கும்! எதிலிருந்து, எதை என்ற இரண்டு இடத்தையும் காட்டும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பதிவில் இருந்தாக வேண்டும். பத்து இணைச்சொற்களைவிட அதுதான் உதவும்.

அப்புறம் அரசியல். 1921-இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியில் நடந்த பர்ஜில் பலருக்கு உறுப்பினர் அட்டை பறிபோனது. கட்சி அதற்கு வைத்திருந்த ரஷ்யப் பெயர் ‘சீஸ்த்கா’, அதாவது சுத்தம் செய்தல். பிறகு அதே நாட்டில், 1937, 38 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சோவியத் இரகசியப் போலீசின் சொந்தக் கணக்கின்படியே 6,81,692 பேருக்கு மரண தண்டனை. ஆங்கில வரலாற்று நூல்களில் இரண்டுமே பர்ஜ்தான். தமிழில் இரண்டுக்கும் ‘சுத்திகரிப்பு’ என்று போட்டால், செத்தவர்களை அழுக்கு என்று சொன்னவர்களின் பேச்சை நாமும் திருப்பிச் சொல்கிறோம். பத்திரிகைகளில் வரும் ‘களையெடுப்பு’ கொஞ்சம் தேவலை என்றாலும் அதுவும் களையாகத்தான் பார்க்கிறது. முதலாவதை ‘வெளியேற்றம்’ என்றும் அடுத்ததை ‘அழித்தொழிப்பு’ என்றும் பிரித்துத் தரலாம் என்பது என் யோசனை. உங்களுக்கு வேறு தோன்றினால் சரி, பிரித்தால் போதும்.

சட்டத்தில் இது வேறு முகம் காட்டுகிறது. நீதிமன்ற அவமதிப்பை ஒருவர் ‘பர்ஜ் செய்தார்’ என்றால், மன்னிப்புக் கேட்டோ மீறிய உத்தரவை நிறைவேற்றியோ அந்தக் குற்றத்திலிருந்து விடுபட்டார் என்று அர்த்தம். ‘அவமதிப்பைத் தூய்மைப்படுத்தினார்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

கணினியிலும் ஒரு வம்பு. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு மென்பொருளை ‘ரிமூவ்’ செய்தால் அதன் அமைப்புக் கோப்புகள், அதாவது அது எப்படி இயங்க வேண்டும் என்ற விவரங்கள் உள்ள கோப்புகள், தங்கிவிடும். ‘பர்ஜ்’ செய்தால் அவையும் போய்விடும். இரண்டுக்குமே ‘நீக்கு’ என்று எழுதிவிட்டால், எதை அழுத்துகிறோம் என்று பயனருக்கு எப்படித் தெரியும்? ‘தடமின்றி நீக்கு’ என்று சொல்லவும் எனக்குத் தயக்கம், ஏனென்றால் பயனரின் சொந்தக் கோப்புறையில் இருப்பவற்றை அது தொடாது. ‘அமைப்புகளோடு நீக்கு’ என்பதே பொருந்தும்.

மருத்துவத்தில் ஒன்றே ஒன்று. உணவுக் கோளாறுகளைப் பற்றிய நூல்களில் இந்தச் சொல் பேதியை மட்டும் குறிப்பதில்லை, வலிய வரவழைக்கும் வாந்தியும் அதில் அடக்கம். ‘பேதியாக்கு’ என்று மட்டும் இருந்தால் நோயின் பாதி மறைந்துவிடும்.

அச்சுப் பதிப்பில் இடம் நெருக்கடி என்பது தெரியும். இணையப் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லையே. பொறியியல், சட்டம், அரசியல், கணினி, மருத்துவம் என்று துறைக் குறியிட்டு, துறைக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாதென்றால், முதலில் அந்த நைட்ரஜன் வாக்கியத்தையாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அகராதிகளைத் தினமும் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளன்