விமானத்தில் ஏறுவதற்கு முன்னால்

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பெரு நாட்டின் பாலைவனத் தரையில் அந்தக் காலத்து நாஸ்கா மக்கள் பிரம்மாண்டமாக வரைந்த நேர்க்கோடுகளும் குரங்கு, பறவை போன்ற உருவங்களும்தான் நாஸ்கா கோடுகள். அவை வேற்றுக்கிரகவாசிகள் இறங்குவதற்குப் போட்ட ஓடுபாதை என்று அடித்துச் சொல்கிறான் அந்தப் பையன். காலமெல்லாம் சர்வே வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வராதா? அடுத்த மாதம் லிமாவிலிருந்து நீ அங்கே போவதால் எழுதுகிறேன்.

அந்தத் தரையில் துருவேறிய செம்பழுப்புக் கற்கள் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஓரமாகப் போட்டால் அடியில் வெளிறிய மண் தெரியும். அவ்வளவுதான் வித்தை. மழை என்பதே அங்கே அபூர்வம். அதனால்தான் 2000 ஆண்டு ஆகியும் கலையவில்லை.

கிலோமீட்டர் கணக்கில் நேர்க்கோடு எப்படிப் போட்டார்கள் என்பதுதானே உன் கேள்வி? இரண்டு முளை அடி. மூன்றாவதைத் தள்ளி நட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார். முன்முளை மற்ற இரண்டையும் மறைத்தால் கோடு நேர். அப்படியே நட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். குரங்கின் சுருண்ட வாலுக்கு முளையில் கயிறு கட்டி, வில் வில்லாக இழுத்தால் போதும். சில கோடுகளின் முனையில் மரமுளைகளின் மிச்சமே கிடைத்திருக்கிறது. 1982-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜோ நிக்கெல் என்பவர் சொந்தக்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, முளையும் கயிறும் வைத்தே நாஸ்காவிலுள்ள 134 மீட்டர் பறவையை ஒரு வயலில் அதே அளவில் வரைந்து காட்டிவிட்டார்.

எனக்குப் பிடித்தவர் மரியா ரைஹே. ஜெர்மனியில் கணிதம் படித்த பெண்மணி. 1940-களில் ஆரம்பித்து, ஏணி, அளவு நாடா, துடைப்பம் சகிதம் அந்த வெயிலில் பல்லாண்டு கோடுகளைப் பெருக்கி அளந்தார். இதெல்லாம் வானியல் நாட்காட்டி என்பது அவர் கட்சி. அது பிறகு நிற்கவில்லை. அளந்த அளவுகள் நிற்கின்றன. எனக்கு அது போதும்.

மேலிருந்துதான் தெரியும், ஆகவே மேலிருப்பவனுக்காக வரைந்தது என்கிறார்களே, அதையும் நம்பாதே. பல உருவங்கள் ஒரே கோட்டில் ஓடுபவை. ஒரு வாயில் நுழைந்து, உருவத்தைச் சுற்றி, பக்கத்திலேயே வெளியே வரலாம். ஆட்கள் நடமாடியதற்கு அடையாளமாக, கோடுகளின் மேல் உடைந்த பானைச் சில்லுகளும் கிடைத்துள்ளன. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கண்டுபிடித்து 2024-ல் அறிவித்த 303 உருவங்களில் பெரும்பாலானவை சிறியவை. அந்த வகைப் படங்கள் ஒற்றையடிப் பாதை ஓரமாக, நடந்து போகிறவன் கண்ணில் படுகிற மாதிரி இருக்கின்றன. காலால் நடப்பவனுக்கான வேலை இது என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, கோடுகளை மேலிருந்து காட்டும் சுற்றுலா விமானத்திலும் ஏறு. இரண்டு பக்கத்தவரும் பார்க்க வேண்டுமென்று சாய்த்துச் சாய்த்துத் திருப்புவார்களாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதே. ஆனால் நெடுஞ்சாலை ஓரம் ரைஹே கட்டவைத்த கோபுரத்தையும் விட்டுவிடாதே. அங்கே பான்-அமெரிக்கன் சாலை ஒரு பல்லி உருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். என் தொழில்காரன் எவனோதான் அந்தச் சாலை போகும் வழிக்கு அலைன்மென்ட் போட்டிருப்பான்!

கோடுகள் பக்கம் காலை வைத்துவிடாதே. 2014-ல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பினர் பதித்த காலடித் தடங்களே பெரிய வழக்காகிவிட்டது.

அப்புறம், நாஸ்கா ஊருக்குப் பக்கத்தில் காந்தயோக் என்ற இடத்தில் நாஸ்கா மக்கள் வெட்டிய நிலத்தடி வாய்க்கால்கள் இருக்கின்றன. சுருள் சுருளாக இறங்கும் கிணறு மாதிரி வாய்கள். தண்ணீர் இன்னும் பாய்கிறது. அதன் சரிவை எப்படிப் பிடித்தார்கள் என்று அங்கே யாரையாவது கேட்டு எனக்கு எழுது. படமும் அனுப்பு, உள்ளே இறங்கி எடுத்தது.

அப்பா