தேய்மானம் கழிக்காத லாபம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக மகிழ்ச்சிப் பட்டியலில் 2025-இல் 147 நாடுகளுக்குள் இந்தியா 118-ஆவது இடத்தில் இருப்பதைக் கிண்டல் செய்து, 'வளர்ச்சி விகிதத்தைப் பாருங்கள், போதும்' என்று முடித்திருந்தீர்கள். கிண்டல் வரை எனக்கும் சம்மதம்தான். நாட்டுக்கு வருஷம் சுமார் ஆயிரம் பேரிடம், 'பூஜ்யம் முதல் பத்து வரை படியுள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது' என்று கேட்டு, மூன்று வருஷச் சராசரி எடுத்துப் பட்டியல் போடுகிறார்கள். எங்கள் கொங்குப் பக்கம் இப்படிக் கேட்டால் 'ஏதோ ஓடுதுங்க' என்பார்கள். அதை எந்தப் படியில் வைப்பது?

ஆனால் நீங்கள் முடித்த விதம் சரியில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். தையல் மிஷினுக்குத் தேய்மானம் எழுதாமல் லாபம் காட்டினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியிலோ மிஷின் தேய்மானத்தைக்கூடக் கழிப்பதில்லை. அப்புறம் ஆறு தேய்ந்ததும் ஆள் தேய்ந்ததும் எங்கே வரப்போகிறது?

எங்கள் நொய்யல் ஆற்றின் கணக்கையே எடுங்கள். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்தார்கள். தேங்கியது சாயக்கழிவு. சாயப்பட்டறையின் வருமானம் உற்பத்தியில் சேர்ந்தது. பிறகு சுத்திகரிப்பு நிலையம் கட்டிய செலவும் சேர்ந்தது. கிணறு கெட்டுப்போனவர் கேன் தண்ணீர் வாங்கினால் அந்தக் காசும் சேரும். கெட்ட கிணறும், உப்பேறிய காடு கழனியும் மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இதைச் சொன்னதும் 'காசில் என்ன சார் இருக்கிறது, மனநிம்மதிதான் முக்கியம்' என்று கிளம்புகிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயம் ஏறிய துணி வராமல் எங்கள் கட்டிங் டேபிள்கள் காலியாகக் கிடந்தன. அப்போது மூட்டை கட்டி ஊர் திரும்பிய தெற்கத்திக் குடும்பங்களிடம் கேட்டால், காசில் என்ன இருக்கிறது என்று விவரமாகச் சொல்வார்கள்.

பூடான் நமக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான். அந்த நாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. நேபாளி பேசும் மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் 1990-களில் அங்கிருந்து வெளியேறி நேபாளத்து முகாம்களில் கிடந்தார்கள். இப்போது இளவட்டங்கள் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். ஆனாலும் அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970-களில் ஆரம்பித்து வைத்த 'மொத்த தேசிய மகிழ்ச்சி' என்ற பேச்சை அப்படியே விட்டுவிடாமல், 9 துறைகள், 33 குறியீடுகள் என்று அளக்கிற பொருளாக ஆக்கிவிட்டார்கள். 'சந்தோஷமா இருக்கீங்களா' என்பதோடு நிற்பதில்லை. நேரத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பது அந்த 9 துறைகளில் ஒன்று. வேலை எட்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்பது அதில் அளவு. சமைப்பது, பிள்ளை பார்ப்பது எல்லாம் வேலைக் கணக்கில் வரும்.

இந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். எங்கள் சந்தில் லைன் வீட்டில் ஓர் அம்மிணி குடியிருக்கிறார், பவர் டேபிள் டெய்லர், அதாவது மோட்டார் மிஷினில் தைப்பவர். ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. போவதற்கு முன்னால் சோறாக்கி டிபன் கட்டி, முறை வைத்துத் தண்ணீர் பிடித்தாக வேண்டும். திரும்பி வரும்போது சின்னது தூங்கியிருக்கும். 'எட்டு மணி நேரத்தோட வந்துடக் கூடாதா அம்மிணி?' என்று ஒருநாள் கேட்டேன். 'வந்துடலாமுங்க, வாடகையை நீங்க குடுத்துடுவீங்களா?' என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த அரை ஷிப்ட் வாடகைக்குப் போகிறது. அது கம்பெனிக் கணக்கில் உற்பத்தியாக ஏறுகிறது, அவர் கணக்கில் தூக்கத்தில் கழிகிறது.

நம் அரசே 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுவதாகவும், அப்படிச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் வந்திருக்கிறது. ஒன்றரை ஷிப்ட்டின் மேல் இதையும் வைத்துக் கூட்டினால் மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்றுமதி இத்தனை ஆயிரம் கோடி என்று வருஷா வருஷம் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். போடுங்கள், எங்களுக்கும் பெருமைதான். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் கட்டி, இந்த ஊர்த் தொழிலாளி எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார், எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதையும் போடலாமே. அரசு எடுத்துத் தரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நிருபர்களை நாலு லைன் வீடுகளுக்கு அனுப்பினாலே ஆரம்பம் ஆகிவிடும். அவசர ஷிப்மெண்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அனுப்புங்கள். மற்ற நாளில் ஆள் கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
திருப்பூர்.