நெல்லையில் பஸ் நேரம் போடும் அதிகாரிகளுக்கு

வணக்கம். சேரன்மகாதேவி ரோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் டவுண் பஸ்ஸில் வந்து போகிற பள்ளி ஆசிரியை நான். காலையில் 7.40-க்கு எங்கள் வழியில் ஒரே ஒரு வண்டி, அதை விட்டால் ஒன்பது மணிக்கு மேல்தான். நான்கு ஊர்ப் பிள்ளைகளும், டவுணுக்கு வேலைக்குப் போகிற பெண்களும், காய்கறிக் கூடைகளும் அந்த ஒரு வண்டிக்குள்தான் ஏற வேண்டும். 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி, ஆனால் எங்கள் வழியில் வண்டி கூடவில்லை.

ஊர் ஸ்டாப்பில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வண்டி நிற்கும். அடுத்து வரும் காலனி ஸ்டாப்பில் பாதி நாள் நிற்காது. "டீச்சர், நாங்க கை காட்டினா மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். வண்டி நிறைந்துவிட்டது என்று சொன்னேன், அவள் நம்பவில்லை, நானும் முழுசாக நம்பிச் சொல்லவில்லை.

போன வருடம் படிக்கட்டில் ஒரு பையன் இன்னொருவன் காலை மிதித்துவிட்டான், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து, யார் எந்தத் தெரு என்கிற பேச்சாக மாறிவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் போலீஸ் ஜீப் நின்றது. அந்த மாதமும் பஸ் ஒன்றுதான்.

இந்த மண்ணில் பஸ்ஸும் சாதியும் சேர்ந்தே பேசப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1997-ல் விருதுநகரில், கட்டபொம்மனின் தளபதியாக இருந்த பட்டியல் சமூகத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது தென் மாவட்டங்களே கொந்தளித்து, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தார்கள். நம் கட்டபொம்மன் கழகமும் அப்படித்தான் பெயர் இழந்தது. 2023-ல் நாங்குநேரி மாணவன் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. நல்லது, வகுப்பில் நானும் அதைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கயிறை அவிழ்த்த பிள்ளைகளை நாற்பது நிமிடம் மூச்சு முட்டும் நெரிசலில் நிறுத்தி வைத்தால் தள்ளுமுள்ளு வராமல் இருக்குமா?

சுலோச்சன முதலியார் பாலம் ஏன் வந்தது என்று ஊரில் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பாலம் இல்லாத காலத்தில் பாளையங்கோட்டைக்கும் இந்தக் கரைக்கும் தாமிரபரணியில் படகுதான், அதில் இடம் பிடிக்கத் துறையில் அடிதடி நடந்ததாம். படகுத்துறைக்கு இன்னும் நாலு காவல்காரரை வைத்துவிட்டு யாரும் ஓயவில்லை, பாலமே கட்டினார்கள், 1843-ல், அதுவும் முதலியார் சொந்தப் பணத்தில். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

நான் பாலம் கேட்கவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும் முன் நேரம் போடும்போது 7.20-க்கு ஒன்று, 7.50-க்கு ஒன்று என்று இரண்டு வண்டி விடுங்கள். முதல் வண்டி காலனியிலிருந்தே கிளம்பட்டும், ஒரு நாளாவது அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து வரட்டும். ஆள் இல்லை, ஸ்பேர் வண்டி இல்லை என்று அந்த டிரிப்பை மட்டும் கட் பண்ணாதீர்கள். காலனி ஸ்டாப்புக்கு ஒரு நிழற்குடையும் பெயர்ப்பலகையும் வையுங்கள், பலகையில் அந்த ஊரின் சொந்தப் பெயரையே எழுதுங்கள்.