லட்டும் முப்பத்து மூன்றாவது சூத்திரமும்

அன்புள்ள சாந்தி,

பதில் போட நாளாகிவிட்டது, திட்டாதே. மார்ச் கணக்கு முடிப்பு, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், சின்னவளுக்குப் பரீட்சை. இப்போது எல்லோரும் சுகம்.

“தியானமா? எனக்குப் பல் விளக்கவே நேரமில்லை” என்று எழுதியிருந்தாயே. யோகா என்றாலே உனக்குப் பாயும் தலைகீழாக நிற்பதும்தான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் 195 சூத்திரங்களில் (196 என்பாரும் உண்டு) ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றுதான். ஆடாமல் சுகமாக உட்கார் என்கிறார். உன் உடம்புக்கும் என் முட்டிவலிக்கும் ஏற்ற ரிஷி! திருமூலர்தான் கறார்: மூச்சை 16 மாத்திரை (ஒரு மாத்திரை கண்ணிமைக்கும் நேரம்) இழு, 64 நிறுத்து, 32 விடு. 64 எண்ணி முடிப்பதற்குள் நம் வீட்டில் குக்கர் கூப்பிட்டுவிடும். அதெல்லாம் குரு பக்கத்தில் இருந்தால்தான்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது பதஞ்சலியின் முதல் பாதத்து (அத்தியாயத்து) 33வது சூத்திரம். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லவரைக் கண்டு மகிழ்ச்சி, கெட்டது செய்பவரிடம் உபேட்சை, அதாவது பொருட்படுத்தாமல் விடுவது. இப்படிப் பழகினால் மனசு தெளியுமாம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பழகலாம். ஆனால் முதலாவதே உயிரை வாங்குகிறதடி. அடிபட்டவளைப் பார்த்தால் கருணை யாருக்கும் வரும். நமக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள் மேனேஜராகி லட்டு நீட்டும்போது நட்பு வர வேண்டுமே! லட்டை உடனே வாங்கிக்கொண்டேன். நட்பு மறுநாள் மத்தியானம்தான் வந்தது, அதுவும் அரைகுறையாக.

உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டு ஒரு போன்கூட இல்லை என்று படித்ததும் எனக்கே ரத்தம் கொதித்தது. அவனை மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். செலவுக்குக் கேட்க வேண்டியதைக் கறாராகக் கேள். ஆனால் ராத்திரி அம்மாவுக்குத் துணி மாற்றிவிட்டுப் படுத்த பிறகு, மனசுக்குள்ளேயே அவனோடு ஒரு மணி நேரம் வாதாடுகிறாய் பார், அந்த நேரத்தையும் அவனுக்கு ஏன் கொடுக்கிறாய்? நாலாவதை அங்கே பழகிப் பார். 34வது சூத்திரம் மூச்சை வெளியே விடுவதும் நிறுத்துவதும் பற்றித்தான். தூக்கம் வராவிட்டால் மெதுவாக, நீளமாக விட்டுப் பார்.

ஆடிப்பெருக்குக்கு அங்கே வருகிறேன். ரெண்டு நாள் அம்மாவை என்னிடம் விட்டுவிட்டு நீ தூங்கு. சித்ரான்னமெல்லாம் நானே கிளறிக்கொள்கிறேன். உன் புளியோதரையை ஹாஸ்டல் பூனையே தொடவில்லை. ஜெயாவிடம் மூச்சு விடாதே, மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுவாள்.

அன்புடன்,
மீனா