மாமாவின் போனும் உன் உபதேசமும்

குலசேகரம்

மக்கா செல்வா,

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டதால் ரப்பர் பால்வெட்டு மறுபடி தொடங்கியாயிற்று. மற்ற விசேஷங்கள் அப்புறம். இது உன்னைத் திட்டுவதற்கான கடிதம்.

கல்யாண வீட்டில் என் மாமனாரின் புதுப் போனை வாங்கிப் பார்த்து, "முதல்ல எட்டு மணி நேரம் ஆஃப் பண்ணிப் போட்டு ஏத்தணும் மாமா, பிறகு எப்பவும் சுத்தமா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்" என்றாயே, மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். போன வாரம் ராத்திரி அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். வீட்டிலிருந்த ஒரே போன் செத்துக் கிடந்தது. மாமா டார்ச்சோடு விளைக்குள்ளே ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மணிக்கட்டில் சுளுக்கோடு போயிற்று. இடுப்பு எலும்பாக இருந்திருந்தால்? எனக்கு அன்று உறக்கமே இல்லை.

நீ சொன்னது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துச் சங்கதி மக்கா. அது கடையில் கிடந்தே இறங்கிவிடும். அதனால்தான் முதல் தடவை நெடுநேரம் ஏற்றச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பாதியில் ஏற்றினால் சக்தி குறைந்ததுபோல் காட்டும் என்று முழுசாக இறக்கவும் சொன்னார்கள். இப்போது போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் அதற்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபலும் கொடுத்தாயிற்று. நீ இன்னும் டிரான்ஸிஸ்டர் கதையிலேயே நிற்கிறாய்!

இதைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே பயன்படுத்தலாம். நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும், அதற்குமேல் எட்டு மணி நேரம் போட்டு என்ன பிரயோசனம்? அடிக்கடி அடிவரை இறக்குவதுதான் அதற்குக் கேடு. சார்ஜை இருபது சதவீதத்துக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். எப்போதாவது சதவீதம் தாறுமாறாகக் காட்டினால் ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றலாம், அது கணக்கைச் சரிசெய்ய மட்டும். பெரிய எதிரி சூடு. மாமாவோ சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைக்கிறார்!

வேடிக்கை என்னவென்றால், பால்வெட்டுக்குத் தலையில் கட்டிப்போகும் பழைய ஹெட்லைட்டை அவர் ஒருநாளும் இறங்கவிட்டதில்லை. அதில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி, காலியாகப் போட்டால் கெட்டுவிடும். அங்கே அவருக்குச் சொந்த புத்தி, போனுக்கு மட்டும் உன் புத்தி.

நான் சொன்னால், "அவன் கல்ஃப்ல இருக்கான், அவனுக்குத் தெரியாததா உனக்கு?" என்கிறார். நீ ஏ.சி. மெக்கானிக் என்பதெல்லாம் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு. என் நம்பருக்குக் கூப்பிடு, அவருடையது பெரும்பாலும் ஆஃபில்தான் இருக்கும். மைனியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
தங்கராஜ்